ஒரு பாட்டைக் கேட்டால் யாருக்குக் காசு?

இணையத்தில் பாட்டை இலவசமாக இறக்கிக்கொண்டவர்கள்தான் கலைஞர்களின் வயிற்றில் அடித்தார்கள் என்ற பேச்சு கால் நூற்றாண்டாக ஓய்ந்தபாடில்லை. அமெரிக்காவில் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. தமிழ்த் திரைப்பாடலுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. கேசட் விற்ற காலத்தில், ஒரு கேசட்டுக்கு இத்தனை காசு என்று பாடகருக்கோ பாடலாசிரியருக்கோ ஸ்டூடியோவில் வயலின் வாசித்தவருக்கோ பெரும்பாலும் வந்துகொண்டிருக்கவில்லை. வராத பணத்தை யாரும் திருட முடியாது. அவர்களுடைய பங்கு, இணையம் பிறப்பதற்கு வெகு முன்பே, ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட இடத்தில் கைமாறிவிட்டது. டிஜிட்டல் பகிர்வு கலைஞர்களை என்ன செய்தது என்று பேசுவதற்கு முன், அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஒரு பாட்டு, நான்கு உரிமைகள்

நாம் ஒரே பாட்டாகக் கேட்பதைச் சட்டம் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. பாட்டின் வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. ஸ்டூடியோவில் பதிவான ஒலி தனி. அதில் பாடியவரும் வாசித்தவரும் நிகழ்த்துநர் என்ற முறையில் பெறும் உரிமை இன்னும் தனி. நான்குக்கும் வெவ்வேறு உடைமையாளர்கள், வெவ்வேறு ஆயுள்.

1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ பாடலையே எடுத்துக்கொள்வோம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆக, அந்த ஒலிப்பதிவின் உரிமை 2021 முடிவோடு காலாவதியாகிவிட்டது. வரிகளை எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981இல். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் என்பது விதி என்பதால் வரிகளின் உரிமை 2041 முடியும்வரை உயிரோடு இருக்கும். மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையருடையது. கூட்டுப் படைப்பு என்றால் இருவரில் பின்னால் மறைந்தவரிலிருந்து கணக்கு தொடங்கும். எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல் மறைந்தார். மெட்டு 2075 வரை காப்புரிமைக்குள். சரி, பாடிய டி.எம். சௌந்தரராஜனுக்கும் பி. சுசீலாவுக்கும்? நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்ததே 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான். அறுபது ஆண்டுகளாகத் தமிழர்களைத் தூங்கவைத்தும் அழவைத்தும் வரும் அந்த இரண்டு குரல்களுக்கும் அந்தப் பதிவில் சட்டம் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

இத்தனை உரிமைகள் இருந்தும் எல்லாம் ஒரே கையில் போய்ச் சேர்ந்த கதைக்கு முக்கியமான ஆண்டு 1977. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் சார்பில் ராயல்டியை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் படைத்தவருக்குச் சேர வேண்டிய பங்கை, வசூலிக்க 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்புக்கும், திரைப்படத் தயாரிப்பாளர்கள் தரப்புக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காசு கொடுத்து எழுதச் சொன்னவர், மெட்டுப் போடச் சொன்னவர் தயாரிப்பாளர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளரும் அவரே என்று தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளர் அந்த உரிமையைக் கேசட் நிறுவனத்துக்கு விற்பார். அத்தோடு பாட்டின் பொருளாதாரத்திலிருந்து அதைப் படைத்தவர்கள் வெளியேறிவிடுவார்கள்.

அந்த அமர்வில் இருந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு சில வரிகளைச் சேர்த்து எழுதினார். இந்திய இசையின் உயிர் பாடுகிற குரலில் இருக்கிறது, சட்டமோ தாளில் எழுதப்பட்ட ஸ்வர வடிவத்துக்கு மட்டும் காப்புரிமை தருகிறது, பாடகர் வெறுங்கையோடு நிற்கிறார் என்பது அவருடைய ஆதங்கத்தின் சாரம். அப்போதைய சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கம் இருந்தது. வாய்மொழியாக, காதால் கேட்டுக் கற்கப்பட்டு வளர்ந்த ஒரு மரபுக்கு மேற்கத்திய நோட்டேஷன் காகிதத்தை அளவுகோலாக வைத்திருந்தோம். அந்த விளக்கம் மாற 1994 வரை ஆனது.

பாடகர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் முற்பகுதியில் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் கேட்டபோது, பாடியதற்குச் சம்பளம் வாங்கியாயிற்று, அதோடு நம் கணக்கு முடிந்தது என்ற நிலையில் முகமது ரஃபி நின்றார். அந்த மனஸ்தாபத்தால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை. ரஃபியின் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனால் சரியான கேள்வியைக் கேட்டவர் லதாதான்.

ரெக்கார்டிங் சென்டர் காலம்

பாடல் பகிர்வு இணையத்தோடு தொடங்கியதாக நினைப்பவர்கள் எண்பதுகளின் தமிழ்நாட்டை மறந்துவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலோ கடைத்தெருவிலோ ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. சுவர் முழுக்க எல்.பி. இசைத்தட்டுகளின் அட்டைகள். மேசைமேல் படவாரியாகப் பாடல்கள் எழுதிய தடித்த நோட்டு. வாடிக்கையாளர் அதைப் புரட்டிப் புரட்டி ஒரு தாளில் தன் பட்டியலை எழுதுவார். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. 90 என்றால் பத்து வரை போகும். பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல், எந்தப் பாட்டுக்குப் பின் எதைப் போட்டால் நாடா சரியாக வரும் என்று மனக்கணக்காகச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. இரண்டு நாள் கழித்துப் போனால், உள்ளட்டையில் அழகான கையெழுத்தில் பாடல்களின் பெயர்களோடு கேசட் தயாராக இருக்கும். பாட்டின் பெயருக்கு எதிரே படத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் அநேகமாக இருக்காது.

சட்டப்படி இது காப்புரிமை மீறல். இசைத்தட்டு நிறுவனங்களுக்கு நிச்சயமாக இழப்பு. பாடியவருக்கு? அசல் கேசட் வாங்கியிருந்தாலும் அவருக்கு அதில் ஒன்றும் வந்திருக்காது. அந்தக் கடைகள் பல பாடல்களை உயிரோடு வைத்திருந்தன என்பதும் உண்மை. படம் ஓடாமல் போய், நிறுவனமே மறுபதிப்புப் போடாமல் விட்ட பாடல்கள், யாரோ ஒரு கடைக்காரர் காப்பாற்றி வைத்த இசைத்தட்டிலிருந்து கேசட்டாகி, அங்கிருந்து எம்பி3 ஆகி இன்று நம் காதுக்கு வருகின்றன.

பிறகு ஒரே குறுந்தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடிக்கள் வந்தன. அதன்பின் செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டினால் கணினியிலிருந்து ஒரு கோப்புறையையே தூக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோத் தொழிலில் ஈடுபடுவோரையும் சேர்த்தது. சிடி விற்றவரை ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க முடிந்தது. அதே ஆண்டில், அந்தப் பாட்டை எழுதியவர் தன் பங்கைக் கேட்க நினைத்தால் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே நின்றது. திருட்டைத் தடுக்கக் காட்டிய வேகம், பங்கைத் தருவதில் ஏன் இல்லை என்ற கேள்வி அன்று மேடைகளில்கூட அதிகம் கேட்கப்படவில்லை.

நாப்ஸ்டர் என்ன செய்தது

அமெரிக்காவில் நடந்ததையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் நம்முடைய வாதங்கள் பலவும் அங்கிருந்து இறக்குமதியானவை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் உருவான எம்பி3 முறை, சிடியில் நாற்பது மெகாபைட் பிடிக்கும் பாட்டை நான்கு மெகாபைட்டுக்குச் சுருக்கியது. டயல்-அப் இணைப்பில்கூட அனுப்பக்கூடிய அளவு. 1999 ஜூனில் பாஸ்டன் நகரில் கல்லூரியில் சேர்ந்து படிப்பைப் பாதியில் விட்ட ஷான் ஃபானிங் என்ற இளைஞர் நாப்ஸ்டரை வெளியிட்டார். உங்கள் கணினியில் இருக்கும் பாட்டை நானும், என் கணினியில் இருப்பதை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரிடம். அந்தப் பட்டியல்தான் அதன் பலவீனமும். பாட்டைத் தன்னிடம் வைத்திருக்காவிட்டாலும், மீறலுக்குத் தெரிந்தே துணைபோகிறது என்று 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஜூலையில் சேவை நின்றது.

இடையில், 2000ஆம் ஆண்டு, மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழு தங்கள் பாடல்களைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்ப் பட்டியலை நாப்ஸ்டரிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டில் பாடகி கோர்ட்னி லவ் வேறொரு கணக்கை மேடையில் போட்டுக் காட்டினார். லட்சக்கணக்கில் இசைத்தட்டு விற்ற குழுவுக்கும், தயாரிப்புச் செலவு, விளம்பரச் செலவு, முன்பணம் எல்லாவற்றையும் பதிவு நிறுவனம் கழித்துக்கொண்டபின் கையில் ஒன்றும் மிஞ்சாத ஒப்பந்தங்களைப் பற்றிய கணக்கு அது. உண்மையான கொள்ளை அங்கே நடக்கிறது என்பது அவர் வாதம். கால் நூற்றாண்டு கழித்துப் பார்க்கையில், இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் வருமானம் 1999இல் ஏறத்தாழ 1,460 கோடி டாலராக உச்சத்தில் இருந்தது. 2014இல் அது பாதிக்கும் கீழே போனது. அந்தச் சரிவில் சிறு குழுக்களும் பாடலாசிரியர்களும் நிஜமாகவே அடிபட்டார்கள். ஆனால் 2003 முதல் பதிவு நிறுவனங்கள் தனிமனிதர்கள்மீது ஆயிரக்கணக்கில் தொடுத்த வழக்குகளால் எந்தப் பாடகர் வாழ்ந்தார்? 24 பாடல்களைப் பகிர்ந்த ஒரு பெண்மணிக்கு 2009இல் நடுவர் குழு 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. பின்னர் அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. வழக்கு மிரட்டலால் பகிர்வு நிற்கவில்லை. குறைந்த விலையில் எளிதாகக் கேட்க வழி பிறந்த பிறகுதான் தணிந்தது. 2003இல் 99 சென்ட்டுக்கு ஒரு பாட்டு என்று ஐட்யூன்ஸ் வந்தது; 2008இல் ஐரோப்பாவில் ஸ்பாடிஃபை வந்தது. 2023இல் உலக அளவில் இசைப்பதிவு வருமானம் 2,860 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளாமல் இணையத்திலேயே கேட்கும் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. துறை பிழைத்துவிட்டது. துறை பிழைத்தால் கலைஞரும் பிழைத்தார் என்று பொருளல்ல.

2012: சட்டம் திரும்பிய இடம்

இந்தியாவில் திருப்பம் வந்தது நீதிமன்றத்தில் அல்ல, நாடாளுமன்றத்தில். 2012 மே மாதம் காப்புரிமைச் சட்டத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அமைச்சர் கபில் சிபல் கொண்டுவந்த மசோதாவுக்காக மாநிலங்களவையில் உருக்கமாக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். கோடிக்கணக்கானவர்கள் பாடிய பாட்டுக்கு வரி தந்தவர்கள் வறுமையில் செத்த கதை அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அது அவருடைய தொழில்.

திருத்தத்தின் இதயம் 18ஆம் பிரிவில் இருக்கிறது. திரைப்படத்துக்கு எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் காப்புரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும், உரிமையை வாங்கியவரோடு சரிசமமாக ராயல்டி பெறும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது. விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் கவிஞரிடம் தயாரிப்பு அலுவலகம் எந்தத் தாளை நீட்டினாலும் அவர் மறுக்கும் நிலையில் இருப்பதில்லை. அவருக்காகச் சட்டமே மறுத்துவிடுகிறது.

அதே பிரிவில் டிஜிட்டல் காலத்துக்கென்றே எழுதப்பட்ட இன்னொரு வரி இருக்கிறது. உரிமை கைமாறிய நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வந்திராத ஓர் ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் அதன் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தாலொழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. 1983இல் ஒரு தயாரிப்பாளர் கேசட் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த தாளில் இசைத்தட்டும் நாடாவும் இருக்கும்; ரிங்டோனும் ஸ்ட்ரீமிங்கும் இருந்திருக்க முடியாது. ஆனால் திருத்தம் வந்தது 2012இல். அதற்கு முன் போட்ட ஒப்பந்தங்களை இந்த வரி தொடுமா தொடாதா என்பதில்தான் இன்றைய பெரிய வழக்குகள் பலவும் நிற்கின்றன. தமிழ்த் திரையிசையின் பொற்காலம் என்று நாம் கொண்டாடும் பாடல்கள் ஏறத்தாழ எல்லாமே அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவை.

இளையராஜாவின் வழக்குகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதியில்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. ஊரே கொதித்தது. நட்பு, நன்றி, பேராசை என்றெல்லாம் பேசினோம். மேடைக் கச்சேரிக்கு உரிமம் பெற வேண்டியவர் கச்சேரி நடத்தும் ஏற்பாட்டாளர், பாடகர் அல்ல என்ற எளிய விவரம் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. டிக்கெட் விற்று நடக்கும் நிகழ்ச்சியில் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் ஒரு பங்கு போவது உலகெங்கும் உள்ள வழக்கம். கேட்ட விதத்தைக் குறை சொல்லலாம். கேட்டதையே பேராசை என்று சொல்வது அநியாயம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்த ஒருவர் தன் உழைப்பின் டிஜிட்டல் வருமானம் எங்கே போகிறது என்று கேட்க நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது என்றால், பெயர் தெரியாத கலைஞரின் நிலை என்ன என்றுதான் நாம் அன்று யோசித்திருக்க வேண்டும். அந்த மெட்டுக்கு வரி எழுதியவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு ரூபாய் போகும் பாதை

ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டை அழுத்தினால் இத்தனை பைசா என்று விலை நிர்ணயம் எதுவும் கிடையாது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாதம் முழுவதும் ஒரு நாட்டில் சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணம் ஒரு பொதுத் தொகையாகச் சேர்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவைச் சேவை நிறுவனம் எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கிறது. நீங்கள் மாதம் முழுக்க ஒரு நாட்டுப்புறப் பாடகரை மட்டுமே கேட்டாலும் உங்கள் சந்தா அவருக்குப் போகாது. அந்த மாதம் நாடே கேட்ட படப்பாட்டுக்குத்தான் அதில் பெரும்பகுதி போகும். உங்கள் பணம் நீங்கள் கேட்டவருக்கே போகட்டும் என்ற மாற்று முறை பற்றி ஐரோப்பாவில் நெடுநாளாகப் பேச்சு நடக்கிறது. பெரிய சேவைகள் இன்னும் அதற்கு மாறவில்லை.

இந்தியாவில் இந்தப் பொதுத் தொகையே சிறியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாடிஃபை இங்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அமெரிக்காவில் அப்போது பத்து டாலர். அந்தச் சந்தாவும் கொடுக்காமல் விளம்பரத்தோடு கேட்பவர்களே நம்மில் மிகப் பெரும்பான்மை. யூடியூபில் கேட்பவர்கள் அதைவிட அதிகம். கேட்பு எண்ணிக்கை கோடிகளில், வருமானம் பைசாக்களில் என்பதற்கு இதுதான் காரணம். 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாடிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. கிராமியக் கலைஞர்கள், தனியிசை செய்யத் தொடங்கும் பிள்ளைகள், பழைய பக்திப் பாடல்கள் எல்லாம் இந்த வாசற்படியில் நின்றுவிடுகின்றன. இதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. சிறு தொகையைச் சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கொடுக்க முடியும்.

மீதித் தொகைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. உலக வழக்கப்படி, நூறு ரூபாயில் சேவை நிறுவனத்துக்கு முப்பது போனால், ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஐம்பதுக்கு மேலே போகும். மெட்டு, வரி இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ பதினைந்து. இந்தப் பதினைந்தில்தான் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் சரிபாதி வேலை செய்கிறது: பாதி உரிமையை வாங்கிய நிறுவனத்துக்கு, மறுபாதி இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும். ஆக, பாடலாசிரியர் கைக்கு வருவது நூறில் மூன்று நான்கு ரூபாய். 2021இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று ஸ்ட்ரீமிங் பொருளாதாரத்தையே அடியோடு திருத்தி அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தப் பங்கீட்டைப் பார்த்துத்தான்.

அந்த மூன்று நான்கு ரூபாயும் தானாக வீடு தேடி வராது. காப்புரிமைச் சங்கம் வழியாகத்தான் வர வேண்டும். ஐ.பி.ஆர்.எஸ். நெடுங்காலம் இசை நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது என்ற புகார், விசாரணை, உட்பூசல் எல்லாவற்றையும் கடந்து, 2017 நவம்பரில் மறுபதிவு பெற்று ஜாவேத் அக்தர் தலைமையில் புதிதாகத் தொடங்கியது. 2022–23 நிதியாண்டில் அதன் வசூல் 500 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஏப்ரலில், பண்பலை வானொலிகள் பாட்டை ஒலிபரப்பும்போது ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி தந்தாக வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 1977க்குப் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

இவ்வளவு தூரம் வந்த பணம் கடைசி முழத்தில் நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு: பெயர். சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் படத்தின் பெயர், ஆண்டு, பங்கு விவரத்தோடு பதிந்தால்தான் எங்கோ ஒலித்த பாட்டை அவரோடு பொருத்த முடியும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறும்போது நடக்கும் கூத்து நமக்குத் தெரிந்ததே. ‘ழ’ ஓரிடத்தில் இசட் எழுத்தோடு இருக்கும், இன்னோரிடத்தில் எல் எழுத்தோடு. முதலெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, இல்லாமலே ஒருமுறை. இரண்டு பாடலாசிரியர்கள் ஒரே பெயரில் இருப்பதும் உண்டு. எழுபதுகளில் பத்துப் படங்களுக்கு எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பிப்போன ஒரு கவிஞரின் பிள்ளைகளுக்கு, அப்பாவின் பாட்டு யாரோ ஒருவருக்குப் பணம் ஈட்டித் தருகிறது என்பதே தெரியாது. செயலியைத் திறந்தால் பழைய பாட்டுக்குக் கீழே இசையமைப்பாளர், பாடகர் பெயர் இருக்கும். வரி எழுதியவர் பெயரைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டும்.

பாதை கோணலாகும் இன்னோர் இடம் யூடியூப், முகநூல் போன்ற தளங்களின் தானியங்கி ஒப்பீடு. உரிமையாளர் தந்த ஒலிப்பதிவோடு ஒத்துப்போகும் எதையும் இயந்திரம் பிடித்துவிடும். விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும். திரைப்பாட்டைத் திருடிப் போட்டவர்களைப் பிடிக்க இது நல்ல கருவி. ஆனால் தியாகராஜர் கீர்த்தனையைத் தன் சொந்தக் குரலில் பாடி நேரலை செய்யும் கர்நாடக இசைக் கலைஞரையும் அது பிடிக்கிறது. அதே ராகம், அதே சாகித்தியம், அதே கட்டமைப்பு என்பதால், ஏதோ ஒரு நிறுவனத்தின் பழைய பதிவு என்று நினைத்துக் கச்சேரியை நடுவில் ஊமையாக்குகிறது. 1847இல் சித்தியடைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று, பாடியவர்தான் விண்ணப்பம் எழுதி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் இல்லாதவர்கள்

2024 ஜனவரியில் வெளியான ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் தந்ததாகப் பொதுவெளியில் சொன்னார். அதே காலத்தில், எஸ்.பி.பி.யின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதியின்றி இதே முறையில் பயன்படுத்தியதாக அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூலையில் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் இணையக் கருவிகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது. குரலுக்கு ஒரு பெயர் உண்டு. கேட்டவுடன் யாரென்று தெரியும். அதனால் அனுமதி கேட்கவும் வழக்குப் போடவும் ஓர் ஆள் இருக்கிறார். பாட்டின் நடுவே வரும் அந்த வயலின் கூட்டம்? அந்தத் தனிப் புல்லாங்குழல்?

கணினி வருவதற்கு முன் சென்னையின் ஸ்டூடியோக்களில் ஒரு பாடல் பதிவுக்கு முப்பது, நாற்பது பேர் வரை உட்கார்ந்து வாசித்தார்கள். கால்ஷீட்டுக்கு இத்தனை என்று கூலி. வேலை முடிந்தால் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடுவார்கள். இசைத்தட்டு அட்டையில் அவர்கள் பெயர் வராது. படத்தின் டைட்டிலிலும் அநேகமாக வராது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர்களுக்கு ராயல்டி உரிமை தந்தது. மறு ஆண்டே லதா, எஸ்.பி.பி. உள்ளிட்ட பாடகர்கள் முன்னின்ற பாடகர் உரிமைச் சங்கம் முறைப்படி பதிவாகி வசூலில் இறங்கியது. ஆனால் அதே திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானது, துறை வழக்கப்படி டைட்டிலில் அவர் பெயர் போடப்படுவதில்லை என்றால், பணம் சார்ந்த உரிமைகளுக்கு அவர் நிகழ்த்துநர் அல்ல. கூட்டத்தில் நின்றுபோகும் துணை நடிகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரியாக இருக்கலாம். ஆனால் பெயர் போடாத வழக்கமே ஒருவருடைய உரிமைக்கு எதிரான சாட்சியமாகிவிடும் வாசல் அதில் திறந்திருக்கிறது. வாசிப்பைத் தற்செயலானது என்று யாராவது சொன்னால், அந்தப் பாட்டிலிருந்து குழலையும் தபேலாவையும் எடுத்துவிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும்.

இன்று பாட்டைப் பதிவேற்றும்போதே ஒவ்வொரு வாத்தியக் கலைஞரின் பெயரையும் சேர்க்கத் தொழில்நுட்பம் இடம் தருகிறது. சில இசையமைப்பாளர்கள் யூடியூபில் பாட்டுக்குக் கீழே வயலின், கிதார், ஒலிப்பதிவுப் பொறியாளர், உதவியாளர் வரை முழுப்பட்டியல் போடுகிறார்கள். அதை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். டைட்டிலில் இடமில்லை என்பவர்கள் செயலியிலாவது இடம் தரட்டும். பழைய பாடல்களுக்குத்தான் வேலை அதிகம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1995க்கு முந்தைய பதிவுகளில் அவர்களுக்கு ராயல்டி கோரச் சட்டத்தில் இடமில்லை. என்றாலும் யார் வாசித்தார்கள் என்ற பதிவாவது வேண்டும். அதன்பின் வந்த பதிவுகளுக்கு அந்தப் பெயர்களே பணத்துக்கான முதல் ஆதாரம். அந்த அமர்வுகளில் வாசித்தவர்களில் பலர் எழுபது, எண்பது வயதில் சென்னையிலேயே இருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் எந்தத் துண்டை வாசித்தார்கள் என்று கேட்டால் ஸ்வரத்தோடு சொல்லக்கூடியவர்கள். திரையிசைக் கலைஞர்கள் சங்கமும் காப்புரிமைச் சங்கங்களும் சேர்ந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீடுகளுக்கு ஆள் அனுப்ப வேண்டும். இந்த ஆண்டே.